நாலெழுத்துப் படிப்பு

கேள்வி: டி.என்.ஏ.வில் இருப்பது நாலே எழுத்துதானாமே! அதை வைத்துச் செல் எப்படி இத்தனை புரதங்களைச் செய்கிறது?

பதில்: நாலெழுத்து படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு ஜெராக்ஸைத்தானே வெளியே கொடுக்கிறோம்? உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வும் அப்படித்தான். வெளியே வருவது தூது ஆர்.என்.ஏ. என்ற நகல். அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குவது ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

கோக்கும் வரிசை மாறினால் இன்சுலின், கெரட்டின், ஹீமோகுளோபின் என்று புரதமும் மாறும். சில இடங்களில் ஓர் எழுத்து பிசகினாலே விபரீதம்தான். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட 'ஏ', 'டி'யாகி, அந்தப் பிழை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி அது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.