வெறும் வீசிங்தானுங்க

ராத்திரி இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதல் நாள் என் மனைவி எழுந்து போய் அடுப்பில் குக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் ஜன்னலில் உடைந்துபோன ஒரு கண்ணாடிச் சில்லு வழியாகக் காற்று வருகிறது என்று முடிவு செய்து, அந்தச் சதுரத்தில் ஓர் அட்டையை வைத்து அடைத்தாள். மூன்றாம் நாள்தான் சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குள்ள என்னமோ பாடுதுங்க" என்றாள்.

கொங்கு நாட்டு மரியாதை அப்படி. புருஷன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதும் 'ங்க' குறையாது. எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள ஆறு வருஷம் ஆனதற்கு முக்கியக் காரணமும் இந்த மரியாதைதான்.

எங்கள் நாமக்கல்லில் எதற்கும் ஒரு பேர் உண்டு, ஒரு விலை உண்டு. முட்டைக்குத் தினம் விலை சொல்லிவிடுகிறார்கள். லாரி என்றால் நெற்றியில் குலதெய்வத்தின் பேரும் முதுகில் பிள்ளைகளின் பேரும் இல்லாமல் பட்டறையை விட்டு வெளியே வராது. என் மூச்சுக்கு மட்டும் பேர் வைக்க ஆளில்லை. அல்லது ஆளாளுக்கு ஒரு பேர் வைத்தார்கள்.

முதல் டாக்டர் "சளிங்க" என்றார். ஐந்து நாள் மாத்திரை. சளி போய்விட்டது. விசில் இருந்தது.

இரண்டாம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து "ஈஸ்னோபீலியா" என்றார். இந்தச் சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. ஈஸ்னோபில் என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணு. அலர்ஜி வந்தாலும் ஏறும், வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவால் அது எக்கச்சக்கமாக ஏறி, ராத்திரி இருமலும் இழுப்புமாக வருகிற நோய் ஒன்று நிஜமாகவே உண்டு. எனக்கு அது இல்லை. ஆனாலும் அதற்கான மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டேன். எனக்குள் புழு ஏதாவது இருந்திருந்தால் அது செத்திருக்கும். விசில் இருந்தது.

மூன்றாம் டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து "கேஸ்" என்றார். நான்காமவர் இசிஜி எடுத்து, ஓட்டப் பட்டையில் என்னை ஓடவிட்டு, "இதயம் நல்லா இருக்குது. டென்ஷன் வேண்டாமுங்க" என்றார். ஓடியதற்கு வாங்கிய பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு டென்ஷனே வந்தது.

ஒவ்வொருவரிடமும் நான் சந்தேகமாகக் கேட்பேன்: "டாக்டர், ஒருவேளை இது..."

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. வெறும் வீசிங்தானுங்க."

எது இல்லை என்று அவரும் சொல்ல மாட்டார், எதைக் கேட்டேன் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆஸ்துமா என்ற சொல்லை எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் பெரியத்தை ஒருமுறை சொன்னார், அதுவும் கதவைச் சாத்திவிட்டு, "அதாண்டா கண்ணு... நம்ம வீட்ல வயசுக்கு வந்த புள்ள இருக்குது. வெளிய வீசிங்னு சொல்லிப் பழகு" என்று. வீசிங் என்றால் மழைக்கு வருவது, வெயிலுக்குப் போவது. ஆஸ்துமா என்றால் ஜாதகத்தோடு சேர்த்துப் பார்ப்பது. விசில் ஒன்றுதான். ஒன்றுக்கு வரன் வரும், மற்றதற்கு வராது.

இதற்குள் என் ஃபைல் பெருத்துவிட்டது. எக்ஸ்ரே ஐந்து, ஸ்கேன் ஒன்று, ரத்தம், சிறுநீர், சளி என்று என்னிடமிருந்து எடுக்கக்கூடிய எல்லாவற்றின் கணக்கும் அதில் இருந்தது. சேலத்துக்கு ஒரு முறை, ஈரோட்டுக்கு ஒரு முறை, கோயம்புத்தூருக்கு இரண்டு முறை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போன இடத்திலெல்லாம் "பழசு வேண்டாம், புதுசா எடுத்துருவோம்" என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் ஆஞ்சநேயர் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு இந்த வைத்திய முறை பிடிபட்டது. 18 அடி உயரத்தில், கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி எதிரே நரசிம்மரைப் பார்த்தபடி நிற்கிறவர். வாயுவின் பிள்ளை. மூச்சு வேண்டும் என்று கேட்க அவரை விட்டால் வேறு யார்? ஆனால் அவர் செய்த மருத்துவ உதவியை யோசித்துப் பாருங்கள். ஒரு மூலிகை கொண்டு வா என்று அனுப்பினார்கள். எது அந்த மூலிகை என்று தெரியவில்லை. மலையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். எந்த டெஸ்ட் தேவை என்று தெரியாதபோது எல்லா டெஸ்டையும் எழுதுவது அந்த வழி வந்ததுதான். வித்தியாசம் ஒன்றே. அங்கே மலையை அவரே தூக்கினார். இங்கே நோயாளி தூக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்துக்கும் குறைவில்லை. தூதுவளைத் துவையல், ஆடாதோடைக் கஷாயம், கற்பூரவல்லிச் சாறு, திப்பிலித் தேன் என்று மாமியார் ஒரு தோட்டத்தையே என் தொண்டை வழியாக இறக்கினார். இதில் சிலது தொண்டைக்கு இதமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மச்சினர் ஒருபடி மேலே போய் ஹைதராபாத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அங்கே ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி நாளில் பத்தினி கௌடு குடும்பத்தார் மீன் மருந்து கொடுப்பார்கள். 1845-இல் ஒரு சாதுவிடம் பெற்ற ரகசியம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மஞ்சள் நிற மருந்து உருண்டையை உயிருள்ள சின்ன விரால் மீனின் வாயில் திணித்து, அந்த மீனை நம் வாயில் திணிப்பார்கள். மீன் துடித்துக்கொண்டே போய் வழியைத் திறந்துவிடுமாம். சைவர்களுக்கு வெல்லத்தில் தருகிறார்கள்.

"அசைவந்தானே சாப்பிடறீங்க மாப்ள, அப்புறம் என்ன?" என்றார் மச்சினர்.

"வறுத்துச் சாப்பிடறேனுங்க. உசுரோட சாப்பிட்டதில்லீங்க" என்றேன். டிக்கெட்டை ரத்து செய்ததில் பிடித்தம் போக மீதிப் பணத்தை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு டாக்டர் துணிந்து ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "அது கடைசி ஸ்டேஜுக்குக் கொடுக்கறதாச்சே!" "பழகிட்டா விட முடியாதாம்." நான் தொழிலால் கணக்குப்பிள்ளை. அதனால் கணக்குப் போட்டேன். மூச்சுக்குழாயை விரிக்கும் அந்த மருந்து மாத்திரையாக வந்தால் 4 மில்லிகிராம். ஸ்ப்ரேயில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்த பிறகு நுரையீரலுக்கு வருகிறது. ஸ்ப்ரே நேராக வாசலில் இறங்கிவிடுகிறது. இந்த யோசனை வந்ததே ஒரு பெண்பிள்ளைக்குத்தான் என்பார்கள். 1955-இல் அமெரிக்காவில் ஆஸ்துமா இருந்த 13 வயதுச் சிறுமி, மருந்துக் கம்பெனித் தலைவரான தன் அப்பாவிடம், "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது?" என்று கேட்டாளாம். அடுத்த வருஷமே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இதை விளக்கிச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார் பெரியத்தை.

ஊதும் டெஸ்டைச் சொல்ல வேண்டும். 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். மாலுமி, போலீஸ், குத்துச்சண்டைக்காரர் என்று 2,000 பேருக்கு மேல் ஊதவைத்தவர். அவர்கள் பக்கத்தில் எங்கள் சேலத்து டெக்னீஷியன் மாதிரி யாராவது நின்றார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு, கபடி கோச் மாதிரி அந்தப் பையன் கத்தினான்: "இழுங்க இழுங்க இழுங்க... ஊதுங்க! ஊதுங்க! ஊதுங்க! விடாதீங்க! இன்னும் இருக்குது, இன்னும் இருக்குது!" பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தானும் ஊதிவிட்டார்.

ரிசல்ட்: நார்மல்.

ஆறு வருஷம் ராத்திரி ராத்திரி பாடிய நெஞ்சு, சபையில் ஏறியதும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டது. ஆஸ்துமாவின் குணமே அதுதான் என்று பின்னால் தெரிந்தது. வரும், போகும். போயிருக்கும் நேரத்தில் ஊதினால் எதுவும் தெரியாது. நான் ஊதப் போனது பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு முடிந்த மறுநாள் காலை. அந்தத் தேதிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. நான் கவனிக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு இது அவமானம்.

கவனித்தது என் மனைவி. அடுத்த கோடை லீவில் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவில் மற்ற எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கிக் குளித்துவிட்டு ஏறினேன். மேலே வந்ததும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஆபீஸ்ல மாடிக்கு எத்தனை படிங்க?"

"பதினஞ்சு."

"அதுக்கு மூச்சு வாங்குதுன்னு வந்து படுப்பீங்க. இப்ப ஆயிரம் படி ஏறிட்டு மொளகாய் பஜ்ஜி கேக்கறீங்க."

இதை அடுத்த டாக்டரிடம் அவளே சொன்னாள். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். என் ஃபைலைத் திறக்கவே இல்லை. பாரம் தாங்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"என்ன வேலைங்க?"

"கணக்கு எழுதறேனுங்க."

இதுவரை எல்லோரும் கேட்டது இந்தக் கேள்வி. எல்லோரும் எழுதியது 'உட்கார்ந்த வேலை'. 1700-இலேயே ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளிகளின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்பது அவர் மருத்துவர்களுக்கு விட்டுப்போன அறிவுரை. பாவம், எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை என்ன பதில் சொல்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

டாக்டரம்மா இரண்டாவது கேள்வி கேட்டார். "எங்க உக்காந்துங்க எழுதறீங்க?"

"கோழித் தீவன மில்லுலங்க."

மேசை அரவை இயந்திரத்துக்கு நேர் எதிரே. முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் தின்னும். நாமக்கல் கோழிகள் எத்தனை கோடி என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தீனியில் ஒரு துளிப் பங்கை அரைப்பது எங்கள் மில். மக்காச்சோளம், சோயா, தவிடு, கருவாட்டுத்தூள், சுண்ணாம்புக்கல். நான் லெட்ஜரைத் திறக்கும் முன் தினமும் ஊதித் திறப்பேன். அதை ஊதும் டெஸ்டில் சேர்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை எப்படிங்க இருக்கும்?" என்றார்.

ஆறு வருஷத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டதில்லை.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார். ஊதினால் முள் நகரும். நாலு வாரம், தினம் நாலு வேளை, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி எழுதச் சொன்னார். எழுதுவதா? இதற்காகத்தானே பிறந்தேன்! நெட்டுக்கோடு போட்டு, சிவப்பு மையில் தேதி, நீல மையில் அளவு, வாரக் கடைசியில் இருப்புத் தொகை எடுத்துக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். திங்கள் காலை 410. புதன் மாலை 340. சனி மாலை 290. ஞாயிறு ராத்திரி 400. நாலு வாரமும் அதே கதை. வாரம் முழுக்கப் பற்று, ஞாயிறன்று வரவு.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு அழகா யாரும் எழுதிட்டு வந்ததில்லீங்க" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த கையோடு வரச் சொல்லி மறுபடி ஊதவைத்தார். ஸ்ப்ரே அடித்து, கால் மணி கழித்து இன்னொரு முறை. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். பிறகு பேனாவை மூடிவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு ஆஸ்துமாங்க. வேலை செய்யற இடத்துத் தூசியால வந்தது."

'வெறும்' இல்லை. குரலைத் தாழ்த்தவில்லை. 'ங்க' மட்டும் போட்டார். எனக்கு அழுகை வந்தது. நோய் வந்த துக்கத்தில் இல்லை, ஆறு வருஷமாக ஒட்டாமல் நின்ற ஐந்தொகை ஒட்டிவிட்ட சந்தோஷத்தில். கணக்கு எழுதியவர்களுக்கு அது புரியும்.

முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனுஷர். மறுநாளே என் மேசையை மில்லை விட்டுத் தள்ளி, ரோட்டோர வீட்டு மாடிக்கு மாற்றிவிட்டார். அரவை இடத்தில் தூசி உறிஞ்சியும், மூட்டை தூக்குகிறவர்களுக்கு முகக்கவசமும் வந்தன. ஒரே ஒரு நிபந்தனை: "வெளிய அலர்ஜின்னே சொல்லிருங்க."

எனக்கென்னவோ அந்தச் சொல்லைக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த மாதிரி இருந்தது. அடுத்து வந்த கல்யாணப் பந்தியில், "உடம்பு எப்படி?" என்று ஒருவர் கேட்டதும், "ஆஸ்துமாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பந்தி ஒரு நொடி நின்றது. பெரியத்தை ரசத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கை கழுவும் இடத்தில் ஒருவர் பின்னால் வந்து காதோரம் கேட்டார்: "நீங்க எந்தக் கலர் ஸ்ப்ரேங்க?" வாசலில் இன்னொருவர். கார் ஏறும்போது மூன்றாமவர், மாப்பிள்ளை வீட்டுக்காரர். இந்தியாவில் ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3.4 கோடி என்று உலக நோய்ச் சுமைக் கணக்கு சொல்கிறது. இத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. வெறும் வீசிங்காக இருக்கிறார்கள்.

இப்போது காலையும் மாலையும் ஸ்ப்ரே இழுக்கிறேன். இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறேன். ராத்திரி விசில் அநேகமாக நின்றுவிட்டது. அடைமழையிலும் பக்கத்து லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் நாளிலும் கொஞ்சம் கேட்கும்.

ஃபைல் பீரோ மேலே கிடக்கிறது. கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமத்தோடு பறந்து வந்த ஆஞ்சநேயர் இங்கே அதை ஒரு நிமிஷம் இறக்கி வைத்தார், திரும்ப வந்து தூக்கினால் வரவில்லை, அதுதான் வளர்ந்து எங்கள் ஊர் மலையாயிற்று என்பது ஐதீகம். இறக்கி வைத்த பாரத்தைத் திரும்பத் தூக்காமல் இருப்பதுதான் புத்தி.

என் மனைவி மட்டும் போன ஐப்பசியில் ஒரு தடவை அதைத் திறந்தாள். ஜன்னலில் வைத்திருந்த அட்டை மழையில் ஊறி விழுந்துவிட்டது. ஃபைலிலிருந்து ஓர் எக்ஸ்ரேயை உருவி, அந்தச் சதுரத்துக்கு அளவாக வெட்டி ஒட்டிவிட்டாள். காலை வெயிலில் என் விலா எலும்புகள் பளிச்சென்று தெரிகின்றன. ரோட்டில் தீவன லாரி போகும்போதெல்லாம் கிளம்பும் புழுதியை இப்போது என் நுரையீரல்தான் வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது.