சர்வர் சமூகத்துக்கு ஒரு ரிஜிஸ்டரின் மனு

அனுப்புநர்: சேர்க்கை நீக்கப் பதிவேடு, மூன்றாம் தொகுதி, இரும்பு பீரோவின் மேல்தட்டு, தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளி.

பெறுநர்: உயர்திரு சர்வர் அவர்கள், மேகம்.

பொருள்: மாணவர் விவரங்கள் காணாமல் போதல் – பழைய பதிவேட்டை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா அல்லது அம்மையீர்,

மனுதாரரைச் சர்வர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மனுதாரருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. காலிகோ ஒட்டிய அட்டை, தைத்த முதுகு, கோடு போட்ட நீளத் தாள், இவ்வளவுதான் சொத்து. பிள்ளைக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, தாய்மொழி, அங்க அடையாளம், சேர்ந்த நாள், விலகிய நாள். “வலது முழங்கையில் தழும்பு” என்று எப்போதோ எழுதியதை இன்றைக்கும் படிக்கலாம். எழுதியவர் பென்ஷன் வாங்குகிறார்; தழும்புக்காரர் பேரனைப் பள்ளிக்கு அழைத்து வருகிறார்.

அட்டையில் மாவட்டத்தின் பெயர் அடித்து அடித்து எழுதப்பட்டிருக்கிறது. 1997-ல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனியே பிரிந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாகி, பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று அக்கம்பக்கத்தையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டது. இத்தனைக்கும் மனுதாரருக்கு ஆன செலவு சில சிவப்பு மைக்கோடுகள். உள்ளே இருந்த பிள்ளைகள் இருந்த வரியிலேயே இருந்தார்கள்.

மனுதாரர் தன்னை யோக்கியர் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒரு பிறந்தநாளை அருளிய காலம் உண்டு. தமிழ்நாட்டில் நடுவயது தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு பிறந்தநாளும் சர்ட்டிபிகேட்டில் ஒரு பிறந்தநாளும் இருக்கின்றன என்று எண்ணினால் அந்தப் பாவம் புரியும். ராமபாணப் பூச்சிக்கு ஓரிரு பக்கங்கள் இரையானதையும் மறைப்பதற்கில்லை.

பிறகு 2015 வந்தது. டிசம்பர் 1-ம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் வந்தது. அப்போது மனுதாரர் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தார். மழை விட்டதும் மொட்டை மாடியில் கிடத்தி, தாளுக்குத் தாள் பழைய செய்தித்தாள் செருகி, செங்கல் வைத்துக் காயவைத்தார்கள். சில பெயர்களில் மை பூத்துவிட்டது. ஆனால் “முரு” வரைக்கும் இருந்தால் முருகனா முருகேசனா என்று ஊரில் நாலு பேரை விசாரிக்கலாம். சர்வர் சமூகத்தில் பாதி அழிந்த பெயர் என்ற பேச்சே இல்லை. இருந்தால் முழுசாக இருக்கும். இல்லாவிட்டால் “நோ ரெக்கார்ட் ஃபவுண்ட்”. வெள்ளத்துக்குப் பிறகுதான் மனுதாரருக்கு மேல்தட்டுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அதே டிசம்பரில் சான்றிதழ்களைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் கொடுத்தது. எப்படி முடிந்தது? வீட்டில் இருந்தது போனாலும் வேறோர் இடத்தில் இன்னொன்று இருந்தது. மனுதாரர் இந்த மனுவில் சொல்ல வந்ததே இந்த இன்னொன்றைப் பற்றித்தான்.

சர்வர் சமூகத்தின் தமிழ்நாட்டு அவதாரத்துக்கு, அதாவது பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை வைத்திருக்கும் அரசின் கணினிப் பதிவேட்டுக்கு, எமிஸ் என்று பெயர். 2012 வாக்கில் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் ஆசிரியர்கள் வகுப்பு முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று பிள்ளைகளைக் கணினிக்குள் குடியேற்றினார்கள். பின்னர் எல்லாம் செல்போனுக்கு வந்தது. காலையில் முதல் பெல் அடித்ததும் மாநிலத்தின் பள்ளிகளெல்லாம் ஒரே வாசலில் முட்டுகின்றன. திரையில் வட்டம் சுற்றுகிறது. “உள்ளேன் ஐயா” என்று பிள்ளை சொல்லி முடித்து, முதல் பாடமும் பாதி நடந்த பிறகுதான் அவள் உள்ளாள் என்று சர்வர் ஒப்புக்கொள்கிறார். 2023 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டத்தில் இறங்கியபோது, எமிஸ் பதிவேற்றச் சுமையைக் குறைப்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று.

இதில் மனுதாரர் வியந்து நிற்பது “காமன் பூல்” என்ற ஏற்பாட்டைக் கண்டுதான். பிள்ளை சேலையூரிலிருந்து குரோம்பேட்டைக்கு மாறினால், பழைய பள்ளி அவளை இந்தப் பொதுக்குளத்தில் இறக்கிவிட வேண்டும். புதுப் பள்ளி கைகொடுத்துக் கரையேற்ற வேண்டும். இறக்கிவிட மறந்தாலோ, மனமில்லாவிட்டாலோ, உடம்பு குரோம்பேட்டையில், உயிர் சேலையூரில். சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி என்று நீர்நிலைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. அந்த ஏரிகளைத் தூர்வாரச் சொல்லிக் கேட்க ஆள் உண்டு. கேட்டால் பதில் சொல்லவும் ஓர் அலுவலகம் உண்டு. இந்தக் குளத்துக்கு மதகு எந்தப் பக்கம் என்றே பெற்றோருக்குத் தெரியாது.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு, தெளிவாகவே பேசுகிறது: டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானதைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். கட்டண பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எல்லாம் சரி. தாமதித்தவர் சர்வராக இருந்தால்? ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோவை அவருக்கு எந்த முகவரிக்கு அனுப்புவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது?

வெளியூரில் இருக்கும் பங்காளிகளின் சேதியும் மனுதாரர் காதுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், நகல் எடுப்பதற்கென்றே வைத்த நிரல் அசலைத் துடைத்துவிட்டது. 77 டெராபைட் போயிற்று. காவலுக்கு வைத்த ஆளே கன்னம் வைத்த கதை. ஆனாலும் அந்த நிரலைக் கொடுத்த நிறுவனம் தவறு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தது. இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசின் மேகத்துக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்கு நகல் இல்லாமல் போனது. தென்கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பர் 26 அன்று பேட்டரித் தீயில் எரிந்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் சாம்பல். நகல் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அளவு மிகப் பெரிது, அதனால் எடுக்கவில்லை என்று பதில் வந்தது. பெரிய குடும்பம் என்பதால் ரேஷன் கார்டு வாங்கவில்லை என்பதுபோல.

தொலைவது ஒரு துன்பம், திரிவது இன்னொரு துன்பம். ஒன்றிய அரசு மாணவருக்குத் தரும் அபார் அடையாள எண்ணுக்குப் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை முன்னால் போட்டால் ஒருத்தி, பின்னால் போட்டால் வேறொருத்தி, அப்பா பெயரை விரித்து எழுதினால் மூன்றாமவள். யாழினி என்று ஒரு பிள்ளை; அவள் பெயரின் ழகரத்துக்குப் பள்ளியில் ஓர் ஆங்கில எழுத்து, ஆதாரில் இரண்டு. மனுதாரரிடம் தமிழில் யாழினி என்று ஒரே ஒருத்தி இருக்கிறாள். இடது கன்னத்தில் மச்சம். இதை அப்லோடு செய்யக் கலம் இல்லை.

விவரம் காணாமல் போனது சர்வரிடம். அலைவதென்னவோ பெற்றோர். வேலைக்கு அரைநாள் லீவு சொல்லி, தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் மூன்று செட் எடுத்து, இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், “நாளைக்கு வாங்கம்மா, சர்வர் டவுன்.” தான் கொடுத்த விவரத்தைத் தானே தேடித் தருவதோடு, அது இருந்தது என்பதற்கும் பெற்றோரே ஆதாரம் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஆகவே மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகளின் விவரத்தை அச்செடுத்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு இந்த பீரோவில் வைக்க உத்தரவிட வேண்டும். சர்வரிடம் தொலைந்தால் பள்ளியைக் கேட்கட்டும். அந்த அம்மாவை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டாம். மனுதாரரும் இப்போது கொஞ்சம் தளர்ந்துவிட்டார். முதுகுத் தையல் விட்டுப்போயிருக்கிறது. பைண்டிங்குக்கு நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் அந்துருண்டை நாலாவது அனுமதிக்கலாம்.

பீரோ சாவி தொலைந்து மூன்று மாதம் ஆகிறது. அதனால் காரியம் எதுவும் நிற்கவில்லை. இன்னொரு சாவி சத்துணவு அமைப்பாளர் அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
சேர்க்கை நீக்கப் பதிவேடு, மூன்றாம் தொகுதி.