மூக்கொலியும் மெர்லோவும்: லம்பா லைனை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஒயின் பட்டியலைக் கையில் வாங்கியவர் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அடுத்து விலை இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறார். பிறகு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல், பட்டியலில் ஏதோ ஒரு வரியில் சுட்டுவிரலை ஊன்றி, "இது ஒண்ணு" என்கிறார். பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளையும் ஒற்றை விரலால் கடந்துவிடும் இந்த அரிய முறையைப் பற்றித் தமிழில் யாரும் முனைவர் பட்டம் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்கு நிதி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே முடிவுகளில் யாருடைய தலையீடும் இல்லை.

ஆய்வுக் களம் லம்பா லைன். போர்ட் பிளேர் என்று எல்லோரும் சொல்கிற, 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு சொல்கிற ஊரில், விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி அது. பக்கத்திலேயே 3,290 மீட்டர் நீள ஓடுபாதை. கடற்படையின் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளமும் பயணிகள் விமானங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பாதை அது. சென்னையிலிருந்து வந்து இறங்கும் தேனிலவுத் தம்பதிகள் லம்பா லைனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படகுத்துறைக்கு விரைகிறார்கள். ஹேவ்லாக் தீவில் போய் இறங்கி, மாலையில் ஒயின் பட்டியல் முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள். திராட்சைக் கொடி ஒன்றுகூட இல்லாத இந்தத் தீவுக் கூட்டத்தை ஒயின் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஏன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் மண்ணில் இல்லை, வாயில் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டு மாசியிடம் நாலு வார்த்தை வங்காளம் என்று ஒரே காலைப்பொழுதில் மூன்று மொழிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள் இவர்கள். ஒயின் பெயரைக் கண்டு நாக்கு மடங்கினால் அது நாக்கின் குற்றமாக இருக்க முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். குற்றவாளி கண். இன்னும் சரியாகச் சொன்னால், ஆங்கிலம் படித்த கண்.

சான்று உள்ளூரிலேயே கிடைக்கிறது. 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலையால் பேர்பெற்ற குட்டித் தீவு ஒன்று துறைமுகத்துக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய தீவு. கென்ட் மாவட்டத்துக்காரர் அந்தப் பெயரை 'சாட்டம்' என்பார், நடுவிலுள்ள எச் எழுத்தை மதிக்க மாட்டார். இங்கே பஸ் கண்டக்டரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை அத்தனை பேருக்கும் அது 'சாத்தம்'. இதற்காக யாரும் நாணிக் கோணியதில்லை. ஊர்ப் பெயரை நம் வாய்க்கு வந்தபடி சொல்லும் அதே ஆள், மெர்லோ என்ற மூன்றெழுத்துப் பெயரைக் கண்டதும் வியர்க்கிறார். முன்னதைச் சொல்லும்போது திருத்துவதற்கு ஆள் பக்கத்தில் இல்லை. பின்னதைச் சொல்லும்போது வெள்ளைச் சட்டையும் கறுப்பு வாஸ்கோட்டும் போட்ட ஒருவர் குனிந்து நிற்கிறார். அந்த ஸ்டூவர்டும் நேற்று மாலைதான் அதைக் கற்றுக்கொண்டார் என்பது இவருக்குத் தெரியாது.

இனி இலக்கணம்.

மெர்லோ, பீனோ, கபர்னே, பொர்தோ, மர்கோ. பிரெஞ்சு எழுத்தில் இந்தப் பெயர்களின் கடைசியில் டி, எக்ஸ் என்று ஏதாவது ஒரு மெய் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயில் அது வராது. இதைக் கேட்டதும் நம்மவர்கள் "இதென்னடா கூத்து, எழுதுவானேன், விழுங்குவானேன்?" என்கிறார்கள். தொல்காப்பியரும் நன்னூலாரும் இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் ஒன்றுகூடத் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நிற்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். பஸ் பஸ்ஸு ஆனதும் கேட் கேட்டு ஆனதும் அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருப்பதால்தான். ஈற்றில் வரும் வல்லின மெய்யைப் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் விழுங்குகிறார், தமிழர் உகரம் ஊட்டிக் காப்பாற்றுகிறார். வலித்து முடியும் சொல் இரு தரப்புக்குமே ஆகாது. இடையில் புகுந்து 'மெர்லாட்' என்று டகரத்தை அடித்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலப் பள்ளிக்கூடம். நம்மவர் அதையும் ஏற்று, தம் பங்குக்கு உகரம் சேர்த்து, 'மெர்லாட்டு' ஆக்கினார். இரண்டு மொழிகளின் உழைப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

அடுத்தது ஞகரம். தமிழ்ப் பிள்ளைகள் 'ஞாயிறு' எழுதப் பழகும்போது படும் பாட்டுக்கு என்ன பலன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. பலன் ஐரோப்பாவில் கிடைக்கிறது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஜி, என் சேர்ந்தால் ஞ. ஸ்பானியத்தில் என் எழுத்தின் தலையில் கோடு போட்டால் ஞ. போர்த்துக்கீசியத்தில் என், எச் சேர்ந்தால் ஞ. ஆகவே சொவிஞோன், ஷாம்பாஞ், அல்பரீஞோ, வீஞு வேர்ட். 'சாவிக்னான்' என்று சாவியைத் தேடுவோர், அரிச்சுவடியில் நான்காவது மெய்யாகக் கற்ற எழுத்தை மறந்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் மூக்கு. வெளிநாட்டவர் பிரெஞ்சு கற்கப் போனால் முதல் மாதம் முழுக்க மூக்கொலி உயிர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். தமிழர் இதைத் தாய்மடியிலேயே கற்றுவிட்டார். 'மரம்', 'பணம்' என்று எழுதுகிறோமே ஒழிய, பேச்சில் கடைசி மகரம் உதட்டில் மூடுவதில்லை. ஓகாரம் போன்ற ஓர் ஒலி மூக்கு வழியே போய்விடுகிறது. 'சொவிஞோன்' என்பதன் ஈற்றொலி அதுதான். 'நான் வரேன்' என்பதைச் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். 'நான்' முடிகிற இடத்துக்குக் கிட்டத்தில் 'ப்ளான்' முடிகிறது. வெள்ளை ஒயினுக்கெல்லாம் அடைமொழியாக வரும் சொல் அது. 'வரேன்' முடிகிற இடத்தில் பிரெஞ்சில் ஒயினுக்கே உரிய பெயரான 'வேன்' முடிகிறது. லம்பா லைன்வாசிக்கு இதில் இரட்டை லாபம். அவர் கடைத்தெருவில் இந்தியில் ஆமாம் போடும்போதும் இல்லை என்று மறுக்கும்போதும், பக்கத்து வீட்டில் வங்காளத்தில் நிலாவைக் காட்டும்போதும் மூக்குதான் வேலை செய்கிறது. ஆக, நாசிக்கிலிருந்து கப்பலேறி வரும் ஷெனேன் ப்ளான் புட்டியின் பெயரைச் சொல்வதற்கான அத்தனை உறுப்புகளும் காலை ஏழு மணிக்கு மீன் பேரம் பேசும்போதே பயிற்சி எடுத்து முடித்திருக்கின்றன.

முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது ஆய்வு மரபு. மிக முந்தைய சான்று புறநானூற்றின் 56ஆம் பாட்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பருகி இன்புற்றிரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அந்த மது எந்தத் தீவினது, எந்த மலைச்சரிவினது என்ற விவரத்துக்குள் அவர் போகவில்லை. தேறல் என்றார், முடித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் பக்கத்து மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சரக்கு வந்தது உறுதி. பெயரைச் சொல்லிக் கேட்டார்களா, ஜாடியைக் காட்டிக் கேட்டார்களா என்பதற்கு ஓடுகளில் சான்றில்லை.

போர்த்துக்கீசியரோடு பழகியபோது தமிழர் காட்டிய சாமர்த்தியமே தனி. அவர்கள் மது அடைத்துவந்த 'பிப்பா' நமக்குப் பீப்பாய் ஆயிற்று. குடித்த 'கோப்பு' கோப்பை ஆயிற்று. பீப்பாயும் வீட்டுக்கு வந்தது, கோப்பையும் வந்தது. உள்ளே இருந்ததன் பெயரை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டோம்.

இந்த வரிசையில் முறையான உச்சரிப்பு ஆய்வாளர் என்று சொல்லத் தக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதியவர், துபாஷி. அவர் பிரெஞ்சுப் பெயர்களைக் காதால் வாங்கித் தமிழில் இறக்கினார். மொன்சியூர் என்று கண்ணுக்குத் தெரிகிற சொல்லை 'முசே' என்றே எழுதினார், ஏனென்றால் காதில் விழுந்தது கிட்டத்தட்ட அதுதான். அவர் எஜமானரான ஆளுநரின் பெயரை எக்ஸ் ஒலியோடே எழுதினார். பிரெஞ்சுக்காரர்களும் அந்தப் பெயரைத் 'துயிப்ளெக்ஸ்' என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவில் அதே பெயரில் நிலையமே இருக்கிறது. பின்னால் வந்த நம் பாடப்புத்தகங்கள், பிரெஞ்சு என்றாலே கடைசி எழுத்து ஊமை என்று எங்கோ கேள்விப்பட்டு, அவரை 'டூப்ளே' ஆக்கின. துபாஷி சரி, பாடப்புத்தகம் தவறு. துயிப்ளெக்ஸுக்கு முந்திய ஆளுநர்களில் ஒருவர் லெனுவார். பீனோ நுவார் என்ற திராட்சையின் பின்பாதி அவர் பெயரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லப் புதுச்சேரித் துறைமுகக் கூலியாளுக்கு அன்று எந்த வகுப்பும் தேவைப்படவில்லை.

டூப்ளே நோய் என்று இதற்கு இக்கட்டுரை பெயரிடுகிறது. அறிகுறி: கொஞ்சம் கற்றதும் எல்லாவற்றையும் விழுங்குதல். 1743இல் எப்பெர்னே நகரில் குளோத் மொவெத் தொடங்கிய ஷாம்பாஞ் நிறுவனத்தின் பெயரை 'மொவே' என்று நளினமாகச் சொல்பவர்களுக்கு முற்றிய நிலை. அந்தப் பெயரில் தகரம் ஒலிக்க வேண்டும். எதிர்த்திசையில் மோன்ராஷே. அதில் எழுதுவது இரண்டு டகரம், ஒலிப்பது பூஜ்யம். இத்தாலியத்துக் கியான்டியைச் 'சியான்டி' என்பதும், ஸ்பெயினின் ரியோஹாவை 'ரியோஜா' என்பதும், ரீஸ்லிங்கை 'ரைஸ்லிங்' என்பதும் வேறு நோய். அது ஆங்கிலக் கண் நோயின் பழைய வகை, மருந்து ஏற்கெனவே சொல்லியாயிற்று.

சிகிச்சை எளிது. ஹேவ்லாக் விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, விடுமுறைக்கு லம்பா லைன் வீட்டுக்கு வரும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள பெயர்களைப் போனில் ஒலிக்கவிட்டுக் கேட்டு, ஆர்டர் எடுக்கும் புத்தகத்தின் பின்னட்டையில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டால் போதும். சமையல்கட்டில் மாஸ்டர் "என்னடா தம்பி, மந்திரமா?" என்பார். "இல்லண்ணே, நாலாம் நம்பர் டேபிளுக்கு" என்று சொல்லிவிட்டு மூக்கைத் தயார்செய்துகொண்டு போகலாம். ரோமன் எழுத்தில் எழுதினால் கண் மறுபடி குறுக்கே வரும்.

உச்சரிப்புச் சிக்கலுக்கு இன்னொரு தீர்வும் உண்டு. பெயரையே மாற்றிவிடுவது. 2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் மூன்று தீவுகளும் ஒரே நாளில் பெயர் மாறின. படகுத்துறையில் டிக்கெட் கேட்பவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். அரசாணை இல்லாமலே இதைக் கச்சிதமாகச் செய்து காட்டியவர்கள் தேனி மாவட்டத்துக்காரர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சைக்கு உலகம் வைத்த பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அவர்கள் முகர்ந்து பார்த்தார்கள், பன்னீர் திராட்சை என்றார்கள். 2023இல் புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்கே கிடைத்தது. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான சாதனை 'ஒயின்ஷாப்'. ஒயினைத் தவிர மற்றதெல்லாம் தாராளமாக விற்கும் கடைக்கு அந்தப் பெயர். 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பேச்சில் அது மாறவில்லை. சோமபானக் கலைச்சொற்களில் தமிழர் தயக்கமே இல்லாமல் உச்சரிக்கும் ஒரே சொல் இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை மறைக்காமல் சொல்வது நேர்மை. கனடாவின் ப்ராக் பல்கலைக்கழகத்தில் அந்தோனியா மன்தோனாகிஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒயின் ஆலையின் பெயர் வாயில் நுழையாததாக இருந்தால், குடித்தவர்கள் அதை உயர்ந்த சரக்கு என்று மதிப்பிட்டு, கூடுதல் விலை தரவும் தயாராக இருந்தார்களாம். இது உண்மையானால் இவ்வாய்வு ஆபத்தானது. எல்லாப் பெயரும் மரம், பணம் போல எளிதாக வந்துவிட்டால் புட்டியின் மதிப்பு இறங்கிவிடும். தீவின் சுற்றுலா வருவாயை முன்னிட்டு, ஸ்டூவர்டுகள் ஆளுக்கு ஓரிரு பெயர்களையாவது பிடிபடாமல் விட்டுவைப்பது நல்லது.

அப்படி விட்டுவைக்க ஏற்ற பெயர் கெவூர்ட்ஸ்ட்ராமீனர். ய், ர், ழ் ஆகிய மூன்று மெய்க்குப் பின்னால் மட்டும் இன்னொரு மெய் வந்து நிற்க நம் இலக்கணம் இடம் தந்திருக்கிறது. வாழ்த்து, ஈர்ப்பு என்பவை அந்தச் சலுகையில் பிழைப்பவை. ஜெர்மானியரோ ரகரத்துக்குப் பின்னால் ட், ஸ், ட், இன்னொரு ரகரம் என்று கூட்டமாக ஏற்றிவிட்டார்கள். ஒயின் வியாபாரிகளே இதைப் பாதியில் வெட்டி 'கெவூர்ட்ஸ்' என்கிறார்கள். கம்பத்துக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால் இந்தத் திராட்சைக்கும் பன்னீர் என்றே பெயர் வைத்திருப்பார்கள். ரோஜா வாசம் இதிலும் உண்டு.