எல்லாம் இரண்டிரண்டு

பணம் புழங்கும் இடத்தில் எதுவும் ஒற்றையாக இருக்கக்கூடாது என்பது விதி. ரவுட்டர் இரண்டு, சுவிட்ச் இரண்டு, லைன் இரண்டு, லைன் கொடுக்கும் கம்பெனியும் இரண்டு. டெண்டர் ஃபைலில் இருக்கும் படமே தனி அழகு: இந்தப் பக்கம் நீலக் கோடு, அந்தப் பக்கம் சிவப்புக் கோடு, ஒன்றையொன்று தொடாமல் ஓடும். சாலையை மட்டும் யாரும் வரைவதில்லை.

2021 பிப்ரவரி 24. மும்பையில் தேசியப் பங்குச்சந்தையின் வணிகம் காலை 11.40க்கு நின்றது. இரண்டு கம்பெனிகளின் இணைப்பும் ஒருசேரத் தடுமாறின. வழியில் சாலையைத் தோண்டியதுதான் முக்கியக் காரணம் என்று பிறகு விளக்கம் வந்தது. தோண்டுகிறவருக்கு நீலமும் ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான்.

ஆபத்துக்கு உதவ சென்னையில் ஒரு மாற்று மையம் இருந்தது. 'இதோ சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் அதைக் கூப்பிடவில்லை. சந்தை மீண்டும் திறந்தபோது மணி 3.45.

அடுத்த டெண்டரில் மூன்றாவது லைன் கேட்பார்கள். கேட்கட்டும். எந்தத் தெருவை எப்போது தோண்டப் போகிறார்கள் என்று விசாரித்து வர ஓர் ஆளையும் போட்டால், அவர் சம்பளம் ஒரு ரவுட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.