ஏஸ் ஜோடி வந்தால் பதுங்கலாமா?

கே: போக்கரில் இரண்டு ஏஸ் வந்து ரைஸ் செய்தால் எல்லோரும் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள். பேசாமல் கால் மட்டும் செய்தால் தோற்றுப்போகிறேன். என்னதான் செய்வது? (மதுரை)

ப: ரைஸ் செய்யுங்கள். போகிறவர்கள் போகட்டும், எப்போதும் எல்லோரும் போய்விட மாட்டார்கள். இந்த ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். அதனால்தான் மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றுகிறது. எதிரே ஒரே ஆள், ஏதோ இரண்டு சீட்டோடு கடைசிவரை வந்தால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிப்பது நீங்கள். பதுங்கியதால் ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டால் அந்த 85, ஏறக்குறைய 49 ஆகிவிடும். ஐந்து பேரும் கட்டுக்கட்டாகப் பணம் போட்டிருந்தால் அதுவும் லாபம்தான். ஆனால் அவர்கள் போட்டது சில்லறை!

கே: பெரிய சீட்டை ஒளித்து வைத்து, கடைசிச் சுற்றில் ஒரேயடியாக அடிப்பதுதானே சாமர்த்தியம்? (சேலம்)

ப: பேப்பர், பேனா எடுங்கள். நடுவில் 100 ரூபாய். ஃப்ளாப் (மேசையில் விழும் முதல் மூன்று சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் நடுவில் இருக்கும் தொகையையே நீங்கள் பெட் கட்ட, எதிராளி மூன்றுக்கும் கால் செய்கிறார் என்று வையுங்கள். குவியல் 300, 900, 2,700 என்று ஏறும். ஃப்ளாப்பில் மட்டும் அப்பாவி முகத்தோடு ‘செக்’ சொல்லிவிட்டால் கடைசியில் 900-தான். எதிராளி பையிலிருந்து வரவேண்டிய 1,300, வெறும் 400 ஆகிவிட்டது. ஒரு சுற்று நடித்ததற்கு 900 ரூபாய் செலவு. சினிமா டிக்கெட்டே மலிவு.

சரி, விட்டதைப் பிடிக்க, 100 ரூபாய்க் குவியலுக்கு எதிரே ரிவரில் 1,300-ஐத் தள்ளிப் பாருங்கள். எதிராளி உங்கள் முகத்தை ஒருமுறை பார்ப்பார், சீட்டைக் கவிழ்ப்பார், டீ குடிக்கப் போய்விடுவார்.

கே: ஒரே ஒரு சீட்டை இலவசமாகக் காட்டினால் குடியா முழுகிவிடும்? (ஈரோடு)

ப: மேசையில் இரண்டு ஆட்டின், எதிராளி கையில் இரண்டு ஆட்டின் என்றால், இன்னொரு ஆட்டின் விழுந்து ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சாதி) ஆக, சீட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. டர்ன் விழுந்தபின் நடுவில் 1,000 இருக்கிறது, நீங்கள் 500 கட்டுகிறீர்கள். அவர் 1,500-க்கு ஆசைப்பட்டு 500 போடவேண்டும். நான்கில் ஒன்றாவது ஜெயித்தால்தான் அவருக்குக் கட்டும், அவரிடம் இருப்பதோ ஐந்தில் ஒன்று. நீங்கள் ‘செக்’ என்றால் இந்தத் தலைவலி எதுவும் அவருக்கு இல்லை.

கே: அப்படியானால் ஜானி சான் மட்டும் எப்படிப் பதுங்கி ஜெயித்தார்? (கோவை)

ப: ‘ரவுண்டர்ஸ்’ படம் பார்த்திருக்கிறீர்கள், அதில் காட்டும் ஆட்டம்தானே! 1988, லாஸ் வேகாஸ், உலகப் போக்கர் தொடரின் கடைசி ஆட்டம். சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். ஃப்ளாப்பில் ராணி, பத்து, எட்டு. ஸ்ட்ரெய்ட் அப்போதே முடிந்துவிட்டது, அந்த நிமிடத்தில் அதை வெல்லும் சீட்டே கிடையாது. எதிரே எரிக் சைடலுக்கு ராணி ஜோடி. சான் அடக்கி வாசித்தார். ரிவரில் சைடல் தானாகவே எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். சானுக்குத் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகப் பட்டம்.

ஆனால் மேசையைக் கவனியுங்கள். எதிரே ஒரே ஆள். ஃப்ளாப்பின் மூன்று சீட்டும் வெவ்வேறு சாதி, ஃப்ளஷ் பயம் குறைவு. எதிராளிக்குத் தன் சீட்டின் மேல் நம்பிக்கை, பெட் கட்டும் துணிச்சலும் உண்டு. இத்தனையும் கூடி வந்தால் நீங்களும் சான் ஆகலாம். எட்டுப் பேர் மேசையில், இரண்டு ஆட்டின் கிடக்கும்போது சான் ஆகப் பார்ப்பவர்களால்தான் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

கே: ரிவரில் எனக்கு நடுத்தர ஃப்ளஷ். எதிராளி பெரிதாக பெட் கட்டுகிறார். ரைஸா, காலா? (தஞ்சை)

ப: உங்களைவிட மட்டமான சீட்டு எது அந்த ரைஸுக்குக் கால் செய்யும் என்று முதலில் யோசியுங்கள். ஒன்றும் தோன்றவில்லையா? காலோடு நிறுத்துங்கள். மேசையில் ஜோடி வேறு கிடந்தால் ஃபுல் ஹவுஸ்காரர் மட்டும் சந்தோஷமாகத் தொடர்வார், மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள்.

எதிராளி புளுகுகிறார் என்று பட்டாலும் கால்தான். ரிவருக்கு முன்பே அது புரிந்தால் இன்னும் விசேஷம்: புளுகுகிறவரை ரைஸால் அதட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார். பேச விடுங்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவரே பணம் கட்டுகிறார்.

கே: ஆன்லைனில் பணம் கட்டிப் பழகலாமா? (நாகர்கோவில்)

ப: 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை ஆட்டம் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கே தடை போட்டுவிட்டது. புளியங்கொட்டை வைத்துப் பழகுங்கள். மேலே சொன்ன கணக்கு எதுவும் மாறாது.

கே: நல்ல சீட்டு வந்தால் கை நடுங்குகிறது. எப்படி மறைப்பது? (விருதுநகர்)

ப: எதிராளியின் உடல்மொழியைப் படிப்பது பற்றி மைக் காரோ ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பெட் கட்டும்போது திடீரென்று நடுங்கும் கை புளுகுகிறவருடையது அல்ல, பெரும்பாலும் பெரிய சீட்டு வைத்திருப்பவருடையது என்பது அவர் கணிப்பு. ஆகவே நீங்கள் பதுங்கிப் பிரயோசனமில்லை, கையே தண்டோரா போட்டுவிடும். ரைஸ் செய்யுங்கள். காரோவைப் படிக்காதவர்கள் பயத்தில் நடுங்குகிறீர்கள் என்று நினைத்துக் கால் செய்வார்கள்.