பாயா, மெத்தையா?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தூங்கி எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்கிறார் அம்மா. சரியா?
– ஒரு வாசகர், பாயான் பாரு

பதில்: ஊர்ப் பெயரிலேயே பாய் இருக்கிறது, தம்பி; இடுப்புக்கு அது போதாது! ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை 90 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. கெட்டி மெத்தையை நடுத்தரக் கெட்டி மெத்தை ஜெயித்தது. தரையோ கெட்டி மெத்தையைவிடக் கெட்டி; இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். எழும்போது துள்ள வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையூன்றி எழுங்கள். பின் பாக்கெட்டில் பருத்த பர்ஸை வைத்து உட்காராதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.