வானத்தைப் பூட்டி வைத்த வள்ளல்கள்

எண்பதுகளில் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கஞ்சிக்கோட்டில் டிவி பார்த்தவர்கள் அரசாங்கத்துக்குச் சிலை வைக்கக் கடமைப்பட்டவர்கள். எந்தச் சேனல் பார்ப்பது என்ற சண்டையே வீட்டில் கிடையாது. இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வேண்டுமா, ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை மறுபடி திருப்பிவிடும். ஓட்டின் மேல் ஏறியவர் “இப்பத் தெரியுதா?” என்று கத்துவார். “புள்ளி புள்ளியா வருதுண்ணா!” என்று உள்ளிருந்து குரல் போகும். பாட்டு முடிந்த பிறகு படம் தெளியும். குடும்ப ஒற்றுமையை இப்படி வளர்க்க வேறு எந்தத் துறையால் முடியும்?

பெட்டிக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டும் பாக்கியமும் எண்பதுகளின் நடுப்பகுதி வரை இருந்தது. ஒளிபரப்புக்கோ, தனியார் நுழையாதபடி 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் காவல். வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்காக எழுதியதை நம்மவர்கள் நன்றி மறக்காமல் வானத்துக்கும் விரித்தார்கள். அந்தக் கருணையால்தான் 1992-ல் ஜீ டிவியின் நாடாக்கள் ஹாங்காங் போய் அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறின. அடுத்த ஆண்டு பிறந்த சன் டிவிக்கும் ஏசியாநெட்டுக்கும் அதே அயல்நாட்டு யோகம். சென்னைத் தமிழும் திருவனந்தபுரத்து மலையாளமும் கடல் கடந்த பிறகே கஞ்சிக்கோடு வந்து சேர்ந்தன. பாஸ்போர்ட் இல்லாத எங்களுக்காக எங்கள் மொழிகளாவது ஊர் சுற்றட்டும் என்ற பெருந்தன்மை!

கேரள அரசும் சளைத்ததில்லை. ஏசியாநெட் கேபிள் போக மின்வாரியக் கம்பங்களையே தந்தது. கம்பம் கிடைக்காத சின்ன ஆபரேட்டர்கள் தென்னை மரத்திலும் மொட்டைமாடியிலும் கட்டி இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள்.

இருந்தாலும் தூர்தர்ஷனின் வியாபார நுட்பத்துக்கு ஈடில்லை. 1993 ஹீரோ கோப்பையின் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. எங்கள் சேனலில் காட்ட வேண்டுமா, ஆட்டத்துக்கு 5 லட்சம் நீங்கள் கொடுங்கள் என்றது தூர்தர்ஷன். சரக்கு வைத்திருப்பவனிடமே விலை கேட்கும் சாமர்த்தியம் எந்தச் செட்டியாருக்கு வரும்? வெளிநாட்டார் கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத்துறை வெயில் மழை படாமல் பம்பாயில் பத்திரப்படுத்தியது.

இந்தத் தகராறு வழக்காகி உச்சநீதிமன்றம் போனது. அலைவரிசை பொதுச்சொத்து, அதை ஒரு தன்னாட்சி அமைப்பு நிர்வகிக்க வேண்டும் என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு. அரசு தட்டவில்லை. 1997-ல் அதற்கென்று ஒரு மசோதாவே கொண்டுவந்தது. அதைச் சட்டமாக்கி யார் மனத்தையும் புண்படுத்தவில்லை.